களத்திலேயே பிரிந்த நெல்

செங்கல்பட்டுச் சீமையில் விளைந்த நெல் முழுதாக எந்த வீட்டுக்கும் போனதில்லை. களத்திலேயே பிரிந்துவிடும். அறுத்தவர், அடித்தவர், அளந்தவர், காவல் காத்தவர், மதகைத் திறந்து மூடியவர், கொழு அடித்துக் கொடுத்தவர், துணி வெளுத்தவர், முடி வெட்டியவர், கோயிலில் விளக்கு வைத்தவர் என்று அத்தனை பேருக்கும் உரியது போன பிறகு மிஞ்சியதுதான் நிலக்காரரின் வண்டியில் ஏறும். ஊர் எப்படிச் சாப்பிட்டது என்று அறிய விரும்புகிறவர் அடுப்படியைப் பார்ப்பதற்கு முன் களத்து மேட்டைப் பார்க்க வேண்டும்.

நான் அந்தக் களத்தின் ஓரத்திலிருந்து வந்தவன். மதுராந்தகத்துக்குத் தெற்கே ஏரிப்பாசன ஊர் ஒன்றில் என் தாத்தா கொல்லாசாரி. எங்களுக்கு நிலம் கிடையாது. ஊரின் பாதி ஏர்களுக்குக் கொழு தட்டியதும், அறுவடைக்கு முன் அரிவாளுக்குக் கருக்கு வெட்டியதும், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போட்டதும் எங்கள் உலைதான். அதற்கெல்லாம் அவ்வப்போது காசு வாங்கியதில்லை. தை பிறந்து சம்பா அறுத்ததும் தாத்தா தோளில் ஒரு சாக்கோடு களத்துக்குப் போவார். 1950களின் கடைசியில் அந்தச் சாக்கின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நானும் போயிருக்கிறேன். பிறகு வரலாற்று ஆசிரியனாக வேலை பார்த்த காலமெல்லாம் அந்தக் களத்தைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தேன்.

களத்தில் நடப்பது ஒழுங்கோடு நடக்கும். சாணி மெழுகிய தரையில் கட்டுகளை இறக்கி, முதலில் கையால் அடிப்பார்கள். தாளில் ஒட்டியிருக்கும் மிச்ச மணிக்கு மாடுகளைப் பிணைத்து ஓட்டுவார்கள். காற்று வாக்குப் பார்த்து முறத்தால் தூற்றிப் பதரை விலக்கினால் அம்பாரம் எழும்பும். அன்றே அளக்க முடியாவிட்டால் அம்பாரத்தைச் சுற்றி ஈரச் சாணியில் முத்திரை குத்தி வைப்பார்கள். ராத்திரியில் ஒரு கை நெல் எடுத்தாலும் முத்திரை கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் ஊர் பார்க்க அளப்பு. அளப்பவர் முதல் மரக்காலை ஒன்று என்று எண்ண மாட்டார். 'லாபம்' என்று குரல் கொடுத்துத்தான் தொடங்குவார். அந்தக் குரல் கேட்டதும் களத்தில் பேச்சு நின்றுவிடும். சாக்கோடு வந்தவர்கள் எல்லாரும் மரக்காலின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தலை தட்டி அளக்கிறாரா, குவித்து அளக்கிறாரா என்பதில்தான் எங்கள் ஆறு மாதச் சோறு இருந்தது.

இந்தப் பங்கீடு எவ்வளவு விரிவாக இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, சென்னையைச் சுற்றியிருந்த இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தனக்குக் கிடைத்த நிலத்தில் என்ன விளைகிறது, யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ளக் கம்பெனி தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளரை அனுப்பியது. 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களை அவர் அளந்து பதிவு செய்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் வைத்திருந்த கணக்குதான் அவருக்கு அடிப்படை. ஒவ்வோர் ஊருக்கும் எத்தனை வீடு, எவ்வளவு நன்செய், எத்தனை ஏரி, எவ்வளவு மானியம், களத்தில் யாருக்கு எத்தனை மரக்கால் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன.

அந்தக் கணக்கில் பங்குகள் மூன்று கட்டமாகப் பிரிகின்றன: கதிர் அடிப்பதற்கு முன் கட்டாகக் கொடுப்பது, அம்பாரத்தை அளப்பதற்கு முன் எடுப்பது, அளந்த பின் கலத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பது. 12 மரக்கால் ஒரு கலம். பெறுகிறவர்கள் பட்டியலில் கணக்குப்பிள்ளை, தலையாரி, வெட்டியான், அளவுகாரர், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், பஞ்சாங்கம் சொல்பவர், பள்ளி வாத்தியார், வைத்தியர் என்று ஊர்க்காரர்கள் வருகிறார்கள். ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. அக்கம்பக்கத்துப் பெரிய கோயில்கள், மடங்கள், பக்கிரிகள், வட்டாரக் காவலுக்குப் பொறுப்பான பாளையக்காரர் ஆகியோருக்கும் அதே அம்பாரத்திலிருந்து நெல் போயிருக்கிறது. ஏரி பராமரிப்புக்கும் தனி ஒதுக்கீடு இருந்தது. சுதந்திரம், மேரை என்று பேச்சுவழக்கில் இருந்தவை இவைதான். இவை போன பிறகு நின்ற நெல்லைத்தான் அரசுக்கு மேல்வாரம், உழுதவருக்குக் குடிவாரம் என்று பிரித்தார்கள். அது ஏறத்தாழப் பாதிப் பாதி. ஊருக்கு ஊர், பாசனத்துக்குப் பாசனம் மாறும்.

1960களில் சென்னை ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்குகளைத் தூசு தட்டி எடுத்தவர் தரம்பால். வட இந்தியாவிலிருந்து வந்த காந்தியவாதி அவர். விளைச்சலில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே இப்படி ஊர்ப் பணிகளுக்கும் பொது நிறுவனங்களுக்கும் ஒதுக்கப்பட்டதாக அவர் கணக்கிட்டார். அரசு தலையிடாமல், கஜானா வழியாகப் போகாமல், விளைந்த இடத்திலேயே இந்த அளவு நெல் ஊரின் பொதுத் தேவைக்குப் போயிருக்கிறது. 1812இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஐந்தாவது அறிக்கையும் தென்னிந்திய ஊர் ஒன்றின் ஊழியர்களை வரிசைப்படுத்துகிறது. அதில் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் பொறுப்பானவர், எல்லை காப்பவர், வாத்தியார், கொல்லர், வண்ணார், மாடு மேய்ப்பவர் என்று போய்ப் பாடகரும் கவிராயரும் வரை வருகிறார்கள். பாட்டுக்காரருக்கும் ஊர் நெல் கொடுத்திருக்கிறது.

பங்கீட்டின் வேர் இன்னும் ஆழமானது. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகவே பேசப்படுகின்றன. அந்தத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஏரி வாரியத்தாரும் இருந்தார்கள் என்பது எனக்கு முக்கியம். எங்கள் பக்கம் ஆறு நம்பி விவசாயம் கிடையாது. ஏரியில் நிற்கும் தண்ணீரைச் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று பட்டத்துக்குப் பட்டம் பிரித்தால்தான் பயிர். தண்ணீரைப் பிரிக்கக் கற்ற ஊருக்கு நெல்லைப் பிரிப்பதும் தெரிந்திருந்தது. அளவுக் கருவி பொதுவாக இருக்க வேண்டும் என்ற அக்கறையும் பழையது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்று கடவுள் பெயர் சூட்டிய மரக்கால் வருகிறது. அது ராஜகேசரி மரக்காலுக்குச் சமம் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அளவில் கள்ளம் நுழையும் என்று தெரிந்த சமூகம் அது.

எங்கள் உலைக்கு வருகிறேன். கொல்லருக்கு ஏருக்கு இத்தனை மரக்கால் என்று கணக்கு. அதோடு ஒவ்வொரு களத்திலும் ஒரு கதிர்க்கட்டு. எத்தனை முறை கொழு தட்டினோம், எத்தனை அரிவாள் தீட்டினோம் என்று யாரும் எண்ணியதில்லை. வேலை ஆண்டு முழுக்க, நெல் அறுவடையில். மழை பிந்தி விளைச்சல் குறைந்தால் நிலக்காரருக்குக் குறையும், எங்களுக்கும் குறையும். நல்ல மகசூல் என்றால் எங்கள் குதிரும் நிறையும். ஏரி உடைந்துவிடக் கூடாது என்று நிலமில்லாத நாங்களும் மார்கழி இரவில் கரை மேல் மண் கொட்டப் போனதற்கு அதுதான் காரணம்.

இது ஏட்டில் இருந்த உரிமை மட்டுமல்ல. அதைக் காக்கும் வலுவும் எங்களிடம் இருந்தது. ஓர் ஆண்டு ஒரு வீட்டார் விளைச்சல் சரியில்லை என்று சொல்லி எங்கள் பங்கில் பாதியை நிறுத்திக்கொண்டார்கள். பக்கத்துக் கழனிக்காரர் முழுதாகக் கொடுத்திருந்தார். தாத்தா களத்தில் ஒன்றும் பேசவில்லை. ஆடி மாதம் அந்த வீட்டு ஆள் கொழுவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, "உலையில கரி இல்ல, போய் ஐயாகிட்ட சொல்லு" என்று அனுப்பிவிட்டார். பக்கத்து ஊர் ஆசாரியும் அந்தக் கொழுவைத் தொட மறுத்துவிட்டார். ஏர் பூட்டும் நேரம் தப்பிவிடும் நிலை. நான்காம் நாள் பாக்கி நெல் மூட்டையாக எங்கள் திண்ணைக்கு வந்தது. "ஆசாரி, அளந்து பார்த்துக்க" என்றார் அந்தப் பெரியவர். தாத்தா என் கையில் மரக்காலைக் கொடுத்து அளக்கச் சொன்னார்.

அதே களத்தில் இன்னொரு கூட்டம் நின்றது. அறுத்ததும், கட்டுச் சுமந்ததும், அடித்ததும், தூற்றியதும் சேரி மக்கள். அம்பாரம் குவிந்து அளப்பு தொடங்கியதும் அவர்கள் விலகிப் போய் நிற்க வேண்டும். எங்கள் சாக்கில் அளந்து போட்ட கை அவர்களுக்குத் தள்ளி நின்று கொட்டியது. பல நேரம் அவர்களுக்குக் கிடைத்தது அடிக்களத்து நெல்: மண்ணும் கருக்காயும் கலந்தது. அவர்கள் வீட்டுப் பெண்கள் அறுத்த கழனியில் குனிந்து சிந்திய கதிர் பொறுக்குவார்கள். கொல்லருக்கு இருந்ததுபோல் உலையை மூடும் வலு அவர்களுக்கு இல்லை. மறுத்தால் குடியிருக்கும் மனை போய்விடும், மனை நிலக்காரருடையது.

இதற்கும் எழுத்துச் சான்று உண்டு. மிராசு என்ற பரம்பரை நில உரிமை பற்றிச் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் எழுதி 1818இல் வெளியான நூல், நிலத்தோடு சேர்த்துக் கைமாறும் அடிமைகளைப் பற்றியும் பேசுகிறது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறையைச் சட்டத்தின் கண்ணில் இல்லாததாக்கியது. ஆனால் படியாள், பண்ணையாள் என்ற பெயரில் அதே குடும்பங்கள் அதே கழனியில் கட்டுண்டு கிடந்தன. தரம்பாலைப் படித்து, பழைய ஊர் ஒரு குறையுமில்லாத குடும்பம்போல இருந்தது என்று பேசுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அம்பாரத்தைச் சுற்றி யார் எங்கே நின்றார்கள் என்று அவர்கள் கேட்டதில்லை. எல்லாருக்கும் பங்கு இருந்தது உண்மை. பிறப்பைப் பார்த்து அந்தப் பங்கை நிர்ணயித்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

இந்த ஏற்பாடு எப்படி உடைந்தது? முதல் அடி வரியிலிருந்து விழுந்தது. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் ஏரிகளைச் சீரமைப்பதில் அக்கறை காட்டியவர். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலில் இன்றும் அவர் பெயர் சொல்கிறார்கள். ஆனால் கம்பெனிக்கு வேண்டியது நெல் அல்ல, பணம். பாரமகாலில் 1792இல் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் தொடங்கிய ரயத்துவாரி முறை, மன்றோ சென்னைக் கவர்னராக இருந்த 1820களில் மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. அதன்படி ஊருக்கு வரி இல்லை. ஒவ்வொரு பட்டாதாரருக்கும் தனித்தனியே பண வரி. விளைச்சலில் பங்கு என்ற நிலை போய், நிலத்துக்கு இவ்வளவு ரூபாய் என்ற நிலை வந்தது.

பங்கு முறையில் பயிர் கருகினால் அரசின் பங்கும் கருகும். பண வரி அப்படியல்ல. 1820களின் நடுவிலிருந்து 1850களின் தொடக்கம் வரை மாகாணத்தில் தானிய விலை விழுந்து கிடந்தது. அதே வரியைக் கட்ட முன்னைவிட அதிக நெல்லை விற்க வேண்டியிருந்தது. கிஸ்திக்கு முன்பே களத்தில் வியாபாரி வந்து நின்றுவிட்டார். நெருக்கடியில் இருக்கும் குடியானவர் முதலில் எதைக் குறைப்பார்? வரியைக் குறைக்க முடியாது. கடனைக் குறைக்க முடியாது. வாத்தியாரின் மரக்காலும் ஏரிக்கு ஒதுக்கியதும்தான் முதலில் போயின. ஏரி வேலைக்கு ஊரார் தாமாக வராமல் போனதால், குடிமராமத்தைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்க 1858இல் அரசு முயன்றது. 1864இல் வந்த கிராம வரிச் சட்டம், கணக்குப்பிள்ளை, தலையாரி போன்றவர்களுக்குக் களத்தில் கொடுத்த மேரைக்குப் பதில் பணத் தீர்வை வாங்கிச் சம்பளம் கொடுக்க வழி செய்தது. அன்று முதல் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தாலுக்கா கச்சேரிக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் பங்குகளை மட்டும் அரசு தொடவில்லை. அவை பழக்கத்தின் பலத்தில் நின்றன.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் இந்த மாற்றத்தின் முழு விலையும் தெரிந்தது. கதிரே இல்லாத களத்தில் பங்கு ஏது? பழைய முறையும் பெரும் வறட்சியைத் தாங்கியிருக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நெல் இருந்த இடத்திலிருந்தும் அது பணம் இருந்த இடம் நோக்கித்தான் போனது. நிவாரண வேலை செய்த ஆளுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் கூலியைக் குறைத்தார். உடல் உழைப்புக்கு அது போதவே போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். லட்சக்கணக்கானோர் செத்தார்கள். களத்தில் மோசமான பங்கு வாங்கியவர்களே முதலில் செத்தார்கள்.

களத்துப் பங்குக்கான பெரும் போராட்டம் தஞ்சைச் சீமையில் நடந்தது. 1940களில் பண்ணையாட்களும் குத்தகைக்காரர்களும் விவசாயச் சங்கத்தில் திரண்டார்கள். 1948இல் மாயூரம் ஒப்பந்தம் வந்தது. 1952இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் நினைத்தபடி வெளியேற்றுவதைத் தடுத்து, குத்தகைக்காரருக்கு விளைச்சலில் 40 சதவீதம் என்று வரையறுத்தது. அறுவடைக் கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட பூசல் முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சமடைந்திருந்த 44 பேரை எரித்துக் கொன்றார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன் பிறகு கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாகக் களத்து ஓரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் மரக்காலைத் தங்கள் பக்கம் சற்றே சாய்க்கச் சொன்னதற்குக் கொடுத்த விலை அந்த 44 உயிர்கள். பழைய பங்கீட்டைப் போற்றி எழுதும் யாரும் வெண்மணியைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

எங்கள் ஊரில் முடிவு சத்தமில்லாமல் வந்தது. மின்சார மோட்டார் வந்ததும் வசதியுள்ளவர்கள் கிணற்றுக்குத் திரும்பினார்கள். ஏரியை நம்பியவர்கள் மட்டும் ஏரியைப் பார்த்துக்கொண்டார்கள். 1960களின் பிற்பகுதியில் குட்டை ரக நெல்லும் உரமும் வந்தன. செலவு பணமாகப் போனதால் கூலியும் பணமாக மாறியது. டிராக்டர் உழுத கழனிக்குக் கொழு தட்ட வேண்டியதில்லை. தாத்தாவுக்குப் பிறகு உலை அணைந்தது. என் அப்பா செங்கல்பட்டில் லேத் பட்டறை வேலைக்குப் போனார். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தபோது, களத்துக் கணக்கு எழுதிய கடைசிக் குடும்பமும் விலகியது. இன்று அறுவடை இயந்திரம் அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை நேரே டிராக்டர் பெட்டியில் கொட்டிவிடுகிறது. களம் தேவைப்படுவதில்லை.

பங்கீடு மட்டும் மறையவில்லை, இடம் மாறியது. நேரடிக் கொள்முதல் நிலையம், கிடங்கு, ரேஷன் கடை என்ற வரிசையில் இன்று ஊரின் நெல் பிரிகிறது. 1997இல் நாடு முழுவதும் ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கியபோது தமிழ்நாடு எல்லாருக்கும் என்ற முறையைக் கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். பள்ளியில் காமராஜர் 1956இல் மாநிலம் முழுவதும் கொண்டுவந்து, எம்.ஜி.ஆர். 1982இல் விரித்த மதிய உணவும் இந்த வரிசையில் சேரும். நான் பாடம் நடத்திய வகுப்புகளில் கொல்லர் வீட்டுப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் கணக்குப்பிள்ளை வீட்டுப் பேரனும் ஒரே வரிசையில் தட்டு ஏந்திச் சாப்பிட்டார்கள். களத்தில் 1,000 ஆண்டு நடக்காதது அது. ரேஷன் அரிசியை இலவசம் என்று ஏளனமாகப் பேசுகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: விளைந்ததில் ஊருக்கெல்லாம் பங்கு என்பது இந்த மண்ணின் பழைய வழக்கம். இன்று அதைச் சாதி பார்க்காமல் கொடுக்கிறோம். அது முன்னேற்றம்.

ஆனால் பழைய களத்தில் இருந்த ஒன்று இன்று குறைவு: அளவு எல்லார் கண் முன்னும் நடந்தது. முத்திரை குத்திய அம்பாரம், குரல் கொடுத்து எண்ணும் மரக்கால், சுற்றி நின்று பார்க்கும் ஊர். விவசாயி கொண்டுபோகும் மூட்டையின் எடையும் ரேஷன் கடையில் விழும் அரிசியின் எடையும் அதேபோல் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். தராசின் முகம் வாங்குகிறவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இருப்பு எவ்வளவு, வந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று கிராம சபையில் வாசித்துக் காட்ட வேண்டும். பிறப்பைப் பார்த்துப் பங்கு வைத்ததை விட்டொழித்தோம். ஊர் பார்க்க அளந்ததை விட்டுவிடக் கூடாது.

உங்கள் ஊரில் களத்துப் பங்கு வாங்கிய, அல்லது கொடுத்த, முதியவர் யாராவது இன்னும் இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். யாருக்கு எத்தனை மரக்கால், எந்தக் கட்டத்தில் கொடுத்தார்கள், யார் எங்கே நின்றார்கள், யாருக்கு மறுத்தார்கள் என்று எழுதி வையுங்கள். பர்னார்டின் ஆட்கள் கணக்கைக் கேட்டது வரி வாங்குவதற்காக. நாம் கேட்க வேண்டியது, நாளைய பங்கை நேர்மையாக வைப்பதற்காக.